கூரையில் நின்ற யாகி

"சேர், மாதக் காசு கட்டாம டீவி பார்க்க ஏலுமா?" என்று நேற்று பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர் கேட்டார். வீட்டில் டிஷ் கார்ட் முடிந்துவிட்டதாம்.

எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. கூரையில் அன்டெனா. காக்கா மேலே ஏறிக் குழாயைத் திருப்ப, உம்மா கீழிருந்து "போதும், போதும்!" என்பார்.

அந்த மீன்முள் வடிவத்துக்கு யாகி-உடா என்று பெயர். 1926இல் ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் வெளியிட்டது. ஜப்பான் இராணுவம் அதைக் கணக்கெடுக்கவில்லை. பிரித்தானியர் ராடாரில் பயன்படுத்தினார்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கிடைத்த ராடார் குறிப்பில் 'யாகி' என்றிருந்ததாம். அது என்னவென்று ஜப்பானியர் கைதியிடம் கேட்க, "உங்கள் பேராசிரியரின் பெயர்தானே" என்றானாம்.

இரண்டு மாதத்தில், ஏப்ரல் 9இல், அதே ஜப்பானின் விமானங்கள் நம் திருகோணமலைக்கு மேலே. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையை மூத்தவர்களிடம் கேளுங்கள்.

நாற்பது வருடம் கழித்து, 1982 பெப்ரவரி 15இல், ரூபவாஹினி தொடங்கியது. கட்டிக்கொடுத்தது ஜப்பானிய உதவி! குண்டு போட்ட நாட்டின் அலையைப் பிடிக்க, அந்த நாட்டுக்காரர் கண்டுபிடித்த கம்பியையே நாம் கூரையில் நட்டோம். பாடப்புத்தகத்தில் இது இல்லை.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னது: ரூபவாஹினி, ஐடிஎன் எல்லாம் இன்னும் காற்றில் இலவசம்தான். நீளக் கம்பி பின்னால், குட்டைக் கம்பிகள் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்தபடி. உயரமாகக் கட்டுங்கள், மலையோ மரமோ மறைத்தால் படம் புள்ளியாகும். மின்னல் தொடங்குமுன்பே வயரைக் கழற்றுங்கள்.

பழைய அன்டெனா யாரிடமாவது கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குத் தேவை.