போருக்குப் போய் வந்த கேமரா

1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’யை எடுத்தது. அதே ஆண்டில் கே. சுப்ரமண்யத்தின் ‘மானசம்ரட்சணம்’ வந்தது. இரண்டுமே போர்க்காலப் பிரசாரப் படங்கள். பிலிமுக்கே ரேஷன் இருந்த காலம் அது. 11,000 அடிக்கு மேல் படம் நீளக் கூடாது. போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லி அரசாங்கத்தின் நெருக்குதல் வேறு. நம் ஸ்டூடியோக்களில் அன்று இருந்தவை ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய கனத்த கேமராக்கள்.

போர்முனையில் அது சரிப்படுமா? அமெரிக்கர்கள் ஐமோ என்ற கைக்கேமராவைக் கொண்டுபோனார்கள். சாவி கொடுத்து ஸ்பிரிங்கை முறுக்கினால் ஓடும். பேட்டரி வேண்டாம். 100 அடிச் சுருள், ஒரு நிமிஷம் சொச்சத்தில் தீர்ந்துவிடும்.

ஜெர்மானியர்களிடம் இருந்ததோ ஆரிஃப்ளெக்ஸ் 35. 1937இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமானது. கைப்பிடிக்குள்ளேயே மோட்டார், முகப்பில் மூன்று லென்ஸ் பூட்டிய சுழல் தட்டு. ஷட்டரிலேயே கண்ணாடி பதித்திருந்ததால், லென்ஸ் பார்ப்பதையே ஒளிப்பதிவாளரும் பார்க்கலாம். பழைய போர்ப் புகைப்படங்களில் ஜெர்மன் சிப்பாயின் தோளருகே மூன்று லென்ஸ் முகப்பு தெரிந்தால், பெரும்பாலும் இதுதான். ஹிட்லரின் பிரசாரப் படைக்கு உழைத்த கருவி என்பதற்காக அதன் பொறியியலைக் குறை சொல்ல முடியாது.

போர் முடிந்ததும் ஹாலிவுட் அதை ஆசையாக வாங்கிக்கொண்டது. 1964இல் அதன் வாரிசாக 2சி வந்தது. கோடம்பாக்கத்தில் ‘டூ சி’ என்றால் தெரியாத ஆள் கிடையாது. 400 அடி மேகசின் போட்டால் நாலரை நிமிஷம் ஓடும். தமிழ் சினிமா செட்டை விட்டு வயல்வெளிக்கு இறங்கியபோது கூடவே இறங்கிய கேமரா அது. ஒரே தொல்லை, சத்தம். குண்டு விழும் இடத்தில் அது யாருக்கும் உறைத்திருக்காது. நம்மவர்களோ வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் பேசிச் சமாளித்தார்கள்.

இன்று நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் எந்தக் காலத்துத் தெருவையும் செட்டாகப் போட்டுவிடலாம். கலை இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1942 பர்மா கதையில் படப்பிடிப்பாளர் வந்தால், சுலபமாகக் கிடைக்கிறதே என்று டூ சியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது பிறக்க இன்னும் 22 வருஷம் இருக்கிறது. ஐமோ கொடுங்கள், அது 1925லேயே வந்துவிட்டது.