சைலர் மூன் (1992–1997 அனிமே தொடர்)

சைலர் மூன், ஜப்பானின் டோயி அனிமேஷன் நிறுவனம் தயாரித்து டிவி அசாஹி ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடர். நவோகோ தகெயுச்சி வரைந்த மங்கா வகைச் சித்திரக்கதையைத் தழுவியது. 1992 மார்ச் 7 முதல் 1997 பிப்ரவரி 8 வரை ஐந்து பருவங்களில் 200 எபிசோடுகள் வந்தன. 'மஹோ ஷோஜோ' எனப்படும் மந்திரச் சிறுமி வகையில் உலகெங்கும் அதிகம் அறியப்பட்டதும், ரசிகர்களிடையே அதிகம் வழக்காடப்படுவதும் இதுவே. பழைய தொடர் சிறந்ததா, மங்காவை வரிக்கு வரி பின்பற்றிய பிற்காலத் தயாரிப்பு சிறந்ததா என்பதில் ரசிகர்கள் பட்டிமன்றத்தைப் போல இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

நாயகி ட்சுகினோ உசாகி, 14 வயதுப் பள்ளி மாணவி. படிப்பில் மந்தம், தூக்கத்தில் கெட்டி, எதற்கெடுத்தாலும் அழுகை. லூனா என்ற பேசும் கறுப்புப் பூனை தந்த, உடையில் குத்தும் பதக்கத்தால் அவள் வீராங்கனையாக உருமாறுகிறாள். அவள் பெயர் நிலவு முயலைக் குறிப்பது. மதுரைப் பக்கத்துக் குழந்தைகளுக்கு நிலவில் தெரிபவர் வடை சுடும் பாட்டி. ஜப்பானியக் குழந்தைகளுக்கு அங்கே ஒரு முயல் மோச்சி என்ற அரிசிப் பலகாரத்தை இடிக்கிறது. அந்த முயல் அங்கே போய்ச் சேர்ந்த கதை நம் பக்கத்துச் சரக்குதான். விருந்தாளிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தன்னையே தீயிலிட்ட முயலைப் பற்றிய பௌத்த ஜாதகக் கதை, 'கொன்ஜாகு மோனோகதாரி' என்ற பழைய ஜப்பானியத் தொகுப்பின் இந்தியப் பகுதியில் இடம்பெற்றிருக்கிறது.

வகையின் முன்வரலாறு

மந்திரச் சிறுமி வகை 1966 டிசம்பர் 5 அன்று ஒளிபரப்பான 'மஹோட்சுகாய் சாலி'யில் தொடங்குகிறது. மிட்சுதெரு யோகோயாமாவின் மங்காவை டோயி நிறுவனம் படமாக்கியது. 'பிவிட்ச்ட்' என்ற அமெரிக்கத் தொடர் அப்போது ஜப்பானியத் தொலைக்காட்சியில் பெரும் வரவேற்புடன் ஓடிக்கொண்டிருந்தது. மந்திரம் தெரிந்த மனைவி சாதாரணக் குடும்பத்தில் படும் பாட்டைச் சொன்ன அந்தத் தொடரின் சாயல், மந்திர உலகிலிருந்து வந்து பூமியில் தோழிகளோடு வாழும் இளவரசி சாலியிடம் தெரிகிறது. முதல் 17 எபிசோடுகள் கறுப்பு வெள்ளை; மீதி வண்ணம். 1968 டிசம்பர் வரை 109 எபிசோடுகள் ஓடியது. ஃபுஜியோ அகட்சுகாவின் 'ஹிமிட்சு நோ அக்கோ-சான்' மங்கா 1962லேயே 'ரிபோன்' இதழில் வந்துவிட்டதால் அதையே மூத்ததாகக் கொள்வோரும் உண்டு. ஆனால் அது தொலைக்காட்சிக்கு வந்தது 1969 ஜனவரியில்தான். ஆகவே முதலிடம் சாலிக்கே.

ஆயினும் இந்த வகையின் வருமானத்துக்கு வழி காட்டியவள் அக்கோதான். சாலிக்கு மந்திரம் பிறவியிலேயே இருந்தது. சாதாரணப் பெண்ணான அக்கோவுக்கு ஒரு முகக்கண்ணாடிப் பெட்டி வழியாகக் கிடைத்தது. பிறவிச் சக்தியைக் கடையில் விற்க முடியாது. கண்ணாடிப் பெட்டியை விற்கலாம். அதற்குப் பிறகு நாயகியின் கையில் ஏதாவது ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பது எழுதாத விதியாயிற்று. கோல், மோதிரம், பதக்கம் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

1974இல் வந்த 'மஜொக்கோ மெகு-சான்' 72 எபிசோடுகளில் குறும்புக்காரியும் கோபக்காரியுமான ஒரு நாயகியைக் கொண்டுவந்தது. 1982இல் ஆஷி புரொடக்‌ஷன்ஸின் 'மின்கி மோமோ' வந்தது. அதன் 46ஆம் எபிசோடில் நாயகி லாரி மோதி இறந்துபோகிறாள். தொடர் அதற்குப் பிறகும் 63 வரை போனது. குழந்தைகளுக்கான தொடரில் நாயகி சாகலாமா என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஸ்டூடியோ பியர்ரோவின் 'கிரீமி மாமி'யில் சிறுமி ஒருத்தி மந்திரத்தால் மேடைப் பாடகியாகிறாள். இந்த இரண்டையும் சிறுமிகள் மட்டுமின்றி வளர்ந்த ஆண்களும் விரும்பிப் பார்த்தார்கள்.

இந்த நாயகிகள் யாரும் சண்டைக்காரிகள் அல்லர். சண்டை வேறொரு பக்கமிருந்து வந்தது. கோ நகாயின் 'கியூட்டி ஹனி' 1973இல் 25 எபிசோடுகள் ஓடியது. உருமாறி எதிரியை அடித்து நொறுக்கும் பெண் அதில்தான் வருகிறாள். 1975இல் வந்த 'கொரேஞ்சர்' நிறத்துக்கு ஒருவராக ஐந்து வீரர் கொண்ட படையைப் பிரபலமாக்கியது. சாலியின் வீட்டுப்பாங்கு, அக்கோவின் மந்திரப் பொருள், ஹனியின் உருமாற்றச் சண்டை, கொரேஞ்சரின் ஐவர் படை ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்ததே சைலர் மூனின் சாதனை. இதில் புதிதாக எதுவுமில்லை என்று குறை சொல்வோர், சேர்த்த விதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மங்காவும் தொடரும்

தகெயுச்சி முதலில் வரைந்தது, தனியாகப் போராடும் சைலர் வி என்ற வீராங்கனையின் கதை (1991). தொலைக்காட்சிக்கான பேச்சு வந்தபோது அது ஐவர் கதையாக விரிந்து, 1991 டிசம்பர் இறுதியில் வெளிவந்த 'நகயோஷி' மாத இதழில் தொடராகத் தொடங்கியது. இரண்டே மாதத்தில் அனிமேவும் ஒளிபரப்பானது. மங்கா மாதம் ஒரு அத்தியாயம், அனிமே வாரம் ஒரு எபிசோடு. ரசிகர்களின் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த வேக வேறுபாட்டில் பிறந்தவை.

முதல் கதைப் பகுதி மங்காவில் 14 அத்தியாயம். தொலைக்காட்சியில் 46 எபிசோடு. ஐவரில் மெர்க்குரியான அமி மங்காவில் 2ஆம் அத்தியாயத்திலும் தொடரில் 8ஆம் எபிசோடிலும் வருகிறாள். ஜூபிடருக்கு 5ஆம் அத்தியாயம், 25ஆம் எபிசோடு. வீனஸுக்கு 8, 33. இடையில் இருந்த வாரங்களை எழுத்தாளர்கள் தாங்களே நிரப்ப வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு அரக்கன், ஒவ்வொரு முறையும் அதே உருமாற்றக் காட்சி, அதே தாக்குதல். ஒருமுறை வரைந்த படச்சுருளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இந்த முறைக்குத் தொழிலில் 'பேங்க்' என்று பெயர். செலவு மிச்சம், பார்க்கும் குழந்தைக்கோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு சடங்கு.

பழைய தொடரைக் குறை சொல்பவர்கள் 'ஃபில்லர்' என்று ஒதுக்குவது இந்த நிரப்பல்களைத்தான். ஆனால் தொடரின் உயிரும் அவற்றில்தான் இருக்கிறது. வில்லன் நெஃப்ரைட் மங்காவில் வந்த வேகத்தில் ஜூபிடரால் கொல்லப்படுகிறான். தொடரில் அவனை உசாகியின் தோழி நாரு காதலிக்கிறாள். ஏமாற்றப் பழகியவன் கடைசியில் அவளைக் காப்பாற்றப் போய் 24ஆம் எபிசோடில் அவள் மடியில் உயிர்விடுகிறான். மங்காவுக்கு உண்மையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. உசாகி அசட்டுத்தனமாகச் சிரிக்க வைப்பதும், மார்ஸான ரெயோடு நாள் முழுக்கச் சண்டை பிடிப்பதும் நேரம் மிஞ்சியதால் கிடைத்தவை.

ரெயின் விஷயத்தில் மட்டும் மங்கா ரசிகர்களின் புகார் நியாயமானது. மங்காவில் அவள் அடக்கமும் கம்பீரமும் உடைய ஆலயப் பெண், ஆண்களைப் பொருட்படுத்தாதவள். தொடரில் பையன்களின் பின்னால் சுற்றும் வாயாடி. நாயகன் மமோருவைப் பற்றிய சர்ச்சையும் இப்படிப்பட்டது: மங்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவன், தொடரில் கல்லூரி மாணவன். 14 வயதுப் பெண்ணுக்கும் அவனுக்கும் உள்ள இடைவெளியை இன்றைய பார்வையாளர்கள் எளிதில் ஏற்பதில்லை.

முதல் பருவத்தை ஜுனிச்சி சாத்தோ இயக்கினார். இரண்டாம் பருவத்தின் நடுவில் குனிஹிகோ இகுஹாரா பொறுப்பேற்று நான்காம் பருவம் வரை நடத்தினார். ஐந்தாம் பருவம் தகுயா இகராஷியுடையது. மூன்றாம் பருவமே உச்சம். நான்காம் பருவம், சிறுமி சிபியூசாவையும் சிறகுக் குதிரையையும் சுற்றியே ஓடியதால் பொதுவாகக் கடைசி இடம் பெறுகிறது. இகுஹாரா பின்னர் 'உட்டேனா'வையும் (1997), சாத்தோ 'ஓஜமாஜோ தொரேமி'யையும் (1999) படைத்தார்கள்.

ஆங்கில டப்பிங்

மேலைநாட்டு ரசிகர்களின் வழக்கு வேறொன்று. 1995 முதல் டிஐசி நிறுவனம் முதல் இரண்டு பருவங்களின் 89 எபிசோடுகளை 82 ஆக்கியது. முதல் பருவ முடிவில் தோழிகள் ஒவ்வொருவராக இறக்கும் இரண்டு எபிசோடுகள் வெட்டப்பட்டு ஒன்றாக ஒட்டப்பட்டன. உசாகி செரீனா ஆனாள். ஆண் வில்லன் ஸோய்ஸைட் பெண் ஆனான். மூன்றாம் பருவத்தை வேறொரு நிறுவனம் டப் செய்தபோது, காதலர்களான வீராங்கனைகள் யுரேனஸும் நெப்டியூனும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆனார்கள். வெட்டப்படாத பதிப்பை விஸ் மீடியா 2014 முதல் வெளியிட்டது.

பிற்காலம்

மங்காவைப் பின்பற்றிய 'சைலர் மூன் கிரிஸ்டல்' 2014 ஜூலையில் இணையத்தில் தொடங்கியது. முதல் இரண்டு பருவங்களில் 26 அத்தியாயத்துக்கு 26 எபிசோடு. முதலில் வந்த ஓவியத்தின் தரம் கண்டனத்துக்கு ஆளாகி, ப்ளூ-ரேயில் பல காட்சிகள் திருத்தப்பட்டன. 2016இல் மூன்றாம் பருவமும், 2021இல் 'எட்டர்னல்', 2023இல் 'காஸ்மோஸ்' திரைப்படங்களும் வந்தன. எட்டர்னல் 2021 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. புதிய தயாரிப்பில் உசாகி தவிர மற்ற நான்கு வீராங்கனைகளின் குரல்களும் மாறின. உசாகிக்கு 1992இல் குரல் கொடுத்த கொடோனோ மிட்சுயிஷியே காஸ்மோஸிலும் பேசியிருக்கிறார்.