எரிக்கச் சொன்ன கடிதங்கள்

1934 மார்ச் தொடங்கி 1945 ஜூலை வரை, ஓட்டோ ஃபெனிகெல் தன் சகாக்கள் சிலருக்கு 119 சுற்றுக்கடிதங்கள் அனுப்பினார். படித்ததும் எரித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபெனிகெல் வியன்னாவில் பிறந்த யூத டாக்டர், ஃப்ராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வாளர், மார்க்ஸியர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் பெர்லினை விட்டு ஆஸ்லோவுக்கும், பிறகு ப்ராகுக்கும், 1938இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போனவர்.

கடிதங்கள் எரியவில்லை. 1998இல் ஜெர்மனில் இரண்டு பெருந்தொகுதிகளாக வந்தன. சுற்றறிக்கை என்றாலே வங்கிக் குமாஸ்தாவான எனக்குச் செத்த உரைநடைதான் நினைவுக்கு வரும். இவற்றில் இருப்பது சங்கங்களின் பூசல், வில்ஹெல்ம் ரைஹுடன் முறிவு, ஃப்ராய்டையும் மார்க்ஸையும் சேர்த்து யோசிக்கும் பிரயாசை. அதே ஃபெனிகெல் 1945இல் நியூரோஸிஸ் பற்றி வெளியிட்ட பாடநூல் உலகப் பிரசித்தம். அதில் அரசியல் மிக அடங்கிய குரலில்தான் கேட்கிறது. அமெரிக்காவில் தொழில் செய்ய அவருடைய வியன்னாப் பட்டம் போதவில்லை. லைசென்ஸுக்காக ஐம்பதை நெருங்கும் வயதில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். 1946இல், 48 வயதில், இறந்தார்.

கடிதங்களைப் பெற்றவர்களில் எடித் ஜ்யோம்ரோயி ஒருவர். புடாபெஸ்டில் பிறந்த யூதப் பெண். மருத்துவப் பட்டம் இல்லாத உளப்பகுப்பாய்வாளர். 1938இல் ஹங்கேரியிலிருந்து கிளம்பிக் கொழும்பு வந்தார். நம் தாமிரவருணிக் கரைக்காரர்கள் தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்க் கடை வைத்த அதே கொழும்பு. அங்கே இடதுசாரிகளோடும் பெண்கள் இயக்கத்திலும் வேலை செய்தார். பாலி இலக்கியத்தில் அற்புதங்களின் இடத்தை ஆராய்ந்தார். ஆங்கிலப் பேராசிரியர் லூடோவைக்கை மணந்தார். 1956இல் லண்டன் போனார்.

புடாபெஸ்டில் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர் ஹங்கேரியக் கவி அட்டிலா யோசெஃப். 1936 மே மாதம், மனதில் வந்ததையெல்லாம் தணிக்கையின்றி ஒரு நோட்டில் கொட்டினார். 1937 டிசம்பரில் ரயிலில் அடிபட்டு இறந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் அந்த நோட்டு முறையாக அச்சேறியது.

ஆக, ஒருவருக்காக ஒரு நோட்டு, ஒரு வட்டத்துக்காகக் கடிதங்கள், உலகத்துக்காக ஒரு பாடநூல். வாசகர் குறையக் குறைய உண்மை கூடுகிறது என்று முடிவு கட்டத் தோன்றும். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இது இனிக்கவும் செய்யும். எனக்கு இதில் சம்மதமில்லை. அதே 1936 இறுதியில் யோசெஃப் அதே காயத்தைக் கவிதையாக்கி, காசு கொடுக்கும் எவரும் வாங்கக்கூடிய தொகுப்பாகவே வெளியிட்டார். நோட்டில் சிதறிக் கிடந்தது அங்கே உருவம் பெற்றது. வாசகர் பெருகியதால் எதுவும் நீர்த்துப் போகவில்லை.

ஃபெனிகெலை அடக்கியது வாசகர் தொகை அல்ல, பயம். கெஸ்டபோ 1935இல் அவருடைய சகா எடித் யாக்கப்ஸனைக் கைது செய்திருந்தது. அடைக்கலம் தந்த நாட்டிலும் அகதிக்கு நிம்மதி கிடையாது. ரகசியம் அவர் சிந்தனையைக் காப்பாற்றியது. ஆனால் அதற்கு வெளியிலிருந்து ஒரு மறுப்பு வரவும் வழியில்லாமல் செய்தது. பதில் பெறாத சிந்தனை ஆவணமாகத்தான் மிஞ்சும்.

நம் பத்திரிகை சில நூறு பேரை எட்டுவதையே நேர்மைக்குச் சான்றாக நாம் பேசிக்கொள்கிறோம். நம்மை எரிக்கச் சொல்லி எவரும் நிர்ப்பந்திக்கவில்லை. பிறகு எதற்காக இவ்வளவு தாழ்ந்த குரலில் நமக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.