கேமிங் பக்கேஜ்: கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

வீட்டில் கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று இருந்தால் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும்: "நெற் சிலோ, அதுதான் தோற்றுப்போறன். கேமிங் பக்கேஜுக்கு மாறுவம்." மாதாந்தக் கட்டணம் கூடும் என்பதால் முடிவெடுக்கும் முன் சில விடயங்களை விளங்கிக்கொள்வது நல்லது.

வேகம் வேறு, தாமதம் வேறு

விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படுவது வேகம். அதாவது, ஒரு செக்கனில் எத்தனை மெகாபிட் வரும் என்பது. ஒன்லைனில் விளையாடும்போது போய்வரும் தரவு மிகக் குறைவு. அதற்குச் சில மெகாபிட்டே போதும். விளையாட்டைத் தீர்மானிப்பது பிங் எனப்படும் தாமதம். நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி சேர்வருக்குச் சென்று பதில் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. மில்லிசெக்கனில் அளக்கப்படும். ஏறத்தாழ 50க்குள் இருந்தால் நன்று. 100ஐத் தாண்டினால் வேகமான துப்பாக்கி விளையாட்டுகளில் பின்னடைவு தெரியும்.

தூரத்தை எந்தப் பக்கேஜும் குறைக்காது

பைபர் கம்பியில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். 1,000 கிலோமீற்றர் போய்வர 10 மில்லிசெக்கன் வேண்டும். இலங்கையிலிருந்து மும்பாய் சுமார் 1,500 கிலோமீற்றர், சிங்கப்பூர் சுமார் 2,700. வலரன்ற் விளையாட்டுக்கு இரண்டு இடங்களிலும் சேர்வர்கள் உண்டு. கணக்குப்படி ஆகக்குறைந்த தாமதம் முறையே 15, 27 மில்லிசெக்கன். கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் உண்மை அளவு இதைவிடக் கூடும்.

லண்டனிலுள்ள மச்சானோடு அங்குள்ள சேர்வரில் விளையாடினால் தூரம் மட்டும் சுமார் 85 மில்லிசெக்கன் எடுத்துவிடும். எவ்வளவு காசு கட்டினாலும் அது குறையாது.

எப்போது பயன் உண்டு?

புதிய விளையாட்டுகள் சில 100 ஜிகாபைற் வரை வரும். அதைத் தரவிறக்க 20 மெகாபிட் இணைப்பில் 11 மணித்தியாலமும், 100 மெகாபிட்டில் இரண்டேகால் மணித்தியாலமும் செல்லும். அடிக்கடி இப்படித் தரவிறக்குபவருக்கும், விளையாடியபடியே நேரலை செய்பவருக்கும் வேகமான பக்கேஜ் உதவும். நேரலைக்குப் பதிவேற்ற வேகமே முக்கியம். உங்கள் பக்கேஜில் இரவுநேர டேட்டா தனியாக இருந்தால், தரவிறக்கத்தை அந்த நேரத்துக்குத் தள்ளிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குறிப்பிட்ட விளையாட்டுகளுக்கு டேட்டா கழிக்கப்படாது என்ற சலுகை கவர்ச்சியானது. ஆனால் விளையாடுவதற்குச் செலவாகும் டேட்டா குறைவு. தரவிறக்கமும் புதுப்பிப்புகளும் அந்தச் சலுகைக்குள் வருமா என்று கேளுங்கள்.

முதலில் வீட்டுக்குள் பாருங்கள்

பல வீடுகளில் தாமதத்தின் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டர் முன் அறையில், பிள்ளை பின் அறையில், நடுவே இரண்டு கல்சுவர். கணினியை ரவுட்டருடன் கேபிள் மூலம் இணைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் வைபையை 5 ஜிகாஹேர்ட்ஸுக்கு மாற்றி, அருகிலிருந்து விளையாடிப் பாருங்கள்.

அடுத்த சோதனை: எல்லோரும் உறங்கியபின் ஒருமுறையும், ஒருவர் வீடியோ அனுப்பும்போது மறுமுறையும் பிங்கை அளவிடுங்கள். இரண்டாவது மிக அதிகமென்றால் இணைப்பு நெரிசலில் நிற்கிறது. நெரிசலை ஒழுங்குபடுத்தும் வசதியுள்ள ரவுட்டர், மாதாமாதம் கட்டும் மேலதிகக் கட்டணத்தைவிட இலாபமாகலாம்.

பைபர் இன்னும் வராத ஊர்களில் பலர் 4ஜி இணைப்பையே நாடுகிறார்கள். அங்கு கோபுரத்தின் நெரிசலைப் பொறுத்து மாலையில் பிங் ஏறி இறங்கும். விலை கூடிய பக்கேஜ் எடுத்தாலும் அதே கோபுரம்தான். உங்கள் வீதிக்குப் பைபர் வந்திருந்தால், அதன் சாதாரண பக்கேஜே 4ஜியின் விலையுயர்ந்த பக்கேஜைவிடப் பொதுவாக நிதானமாக இருக்கும்.

ஒப்பமிடும் முன்

எந்த சேர்வருக்கு எவ்வளவு தாமதம் என்று எழுத்தில் தருவார்களா? எத்தனை மாத ஒப்பந்தம்? டேட்டா முடிந்தபின் வேகம் எவ்வளவு? சொல்லும் விலையில் வரி சேர்ந்துள்ளதா? வற் வரி மட்டும் 18 சதவீதம்.

இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் காசைக் கையில் வைத்திருங்கள். ஒரே இணைப்பில்தான் அம்மா வெளிநாட்டுப் பிள்ளையோடு கதைப்பதும், தங்கை ஒன்லைன் வகுப்புப் பார்ப்பதும். பக்கேஜை மாற்றுவதானால் எல்லோருக்கும் பயன்படும் வகையில் மாற்றுங்கள்.