டிபரன்சலுக்கு எந்த ஒயில் விடுவது?

மீள்குடியேறிய பிறகு லீசிங்கில் எடுத்த பழைய ஹயஸ் வான்தான் என் சித்தப்பா குடும்பத்தின் வருமானம். ஒருநாள் மாங்குளம் தாண்டியதும் வானின் பின்பக்கம் ஊளையிடத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் கிறவுன் வீலின் பற்களும் பினியனின் பற்களும் தேய்ந்து உரிந்திருந்தன. முந்தைய சேர்விஸில் கியர்பெட்டிக்கு விட்ட ஜிஎல்-4 ஒயிலின் மிச்சத்தையே டிபரன்சலுக்கும் விட்டிருக்கிறார்கள். மூன்று கிழமை வான் ஓடவில்லை. லீசிங் தவணை நிற்கவில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள். கிடைத்த ஒயிலை விடுவது அப்போது வந்த பழக்கம். அன்றைக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

ஹயஸ் போன்ற பின்சில்லு இழுக்கும் வாகனங்களில் பினியன், கிறவுன் வீலின் நடுமட்டத்துக்குக் கீழே இருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் உரசுகின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஒயில் படலம் கிழிந்துவிடும். கந்தகமும் பொஸ்பரசும் கலந்த ஜிஎல்-5 ஒயில் பல்லின் மேல் ஒரு காப்புப் படையை உண்டாக்குகிறது. ஜிஎல்-4இல் இந்தக் கலவை ஏறத்தாழ அரைவாசிதான். அதற்காக ஜிஎல்-5ஐ எல்லா இடத்திலும் விடவும் கூடாது. கியர்பெட்டியின் பித்தளை வளையங்களை அது கெடுக்கலாம்.

தடிப்பைப் பொறுத்தவரை எங்கள் வெக்கைக்கு 90 அல்லது 80டபிள்யூ-90 பெரும்பாலும் போதும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள இலக்கம் குளிருக்கானது. வன்னியில் அதற்குப் பெரிய வேலையில்லை. பாரம் ஏற்றும் லொறிக்கு 85டபிள்யூ-140 விடலாமா என்பதைக் கைநூலைப் பார்த்தே முடிவெடுங்கள். எல்எஸ்டி வகை டிபரன்சல் என்றால் அதற்கென்று குறித்த ஒயில் வேண்டும். முன்சில்லு இழுக்கும் சிறிய கார்களில் டிபரன்சல் கியர்பெட்டிக்குள்ளேயே இருப்பதால் தனி ஒயில் கிடையாது.

உழவு இயந்திரம் வேறு கதை. மசி பெர்குசன் 240 போன்றவற்றில் கியர், பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். அதற்குள் ஜிஎல்-5 விட்டால் ஹைட்ரோலிக் பம்புக்குக் கேடு. யூடிடிஓ என்று குறித்த ஒயிலைக் கேட்டு வாங்குங்கள்.

மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடியிருந்தால் ஒயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். மாற்றும்போது மேலே ஒயில் விடும் நட்டை முதலில் கழற்றுங்கள். அது இறுகிக் கிடந்தால் கீழ் நட்டில் கை வைக்காதீர்கள். ஒயிலெல்லாம் வடிந்த பிறகு திரும்ப விட வழியிருக்காது.