ரோஸ் கலர் தண்ணீர்

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். டிராவல் டிரெய்லர் என்று பெயர். கோடைக் கும்மாளம் முடிந்து அதை ஓரங்கட்டும்போது, குளிர் அதிகமுள்ள ஊர்களில் ஒரு சடங்கு உண்டு. குழாய்களில் இருக்கும் தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டு, ரோஸ் கலரில் ஒரு திரவத்தை ஏற்றுவார்கள். நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான்! டில்லிக் குளிரில்கூட பல் கிட்டுமே தவிர குழாய் வெடிக்காது. அதனால் இது வேடிக்கையாகத் தெரியலாம். பின்னால் இருக்கும் கதை அவ்வளவு வேடிக்கையானது இல்லை.

1919-இல் புளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கூடாரமும் தகர டப்பா சாப்பாடுமாகக் காரில் கிளம்பியவர்கள். குளிர்காலம் வந்தால் தெற்கே போய்விடுவார்கள். தண்ணீர் என்றால் வாளியிலும் கேனிலும்தான். குழாயே இல்லாதபோது எது உறையும்?

1936-இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் 'கிளிப்பர்' வந்தது. நாலு பேர் படுக்கலாம், மின்விளக்கு உண்டு, தனக்கென்று தண்ணீர் வசதியும் உண்டு. விலை 1,200 டாலர். அந்தக் காலத்தில் பெரிய பணம். பிறகு வந்த வண்டிகளில் சமையலறை, கழிப்பறை, வெந்நீர்த் தொட்டி என்று வசதி பெருகப் பெருக, சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஓடும் குழாயும் பெருகியது. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். குழாயோ இணைப்போ பம்ப்போ பிளந்துவிடும். அது அப்போதே தெரியாது என்பதுதான் கொடுமை. வசந்தத்தில் ஆசையாகத் தண்ணீர் திறக்கும்போது சுவருக்குப் பின்னால் ஊற்றும்!

இதே தலைவலி கார் ரேடியேட்டருக்கு முன்பே வந்திருந்தது. முதலில் ஆல்கஹால் ஊற்றிப் பார்த்தார்கள். சூட்டில் ஆவியாகிப் போனது. 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் கடைக்கு வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது. அப்படியானால் அதையே டிரெய்லர் குழாயிலும் ஊற்றினால் என்ன? அங்கேதான் சிக்கல். அடுத்த கோடையில் அதே குழாயில்தான் குழந்தைக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அதன் நெருங்கிய உறவு டைஎத்திலீன் கிளைக்கால். 1937-இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தை அதில் கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் குழந்தைகள் பலர். 1938-இன் மருந்துச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டம் அங்கே வந்தது, விஷம் இங்கே வந்தது. 1972-இல் சென்னையில் மருந்தில் கலந்து பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே விஷம். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். எழுதவே கை கூசுகிறது.

டிரெய்லர் குழாய்க்கான திரவத்தில் இருப்பது பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கால். சுத்தமான தரத்தில் உணவிலும் மருந்திலும் சேர்ப்பது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நிறத்தை நம்பாதீர்கள். ரேடியேட்டர் திரவமும் சில சமயம் ரோஸ் கலரில் வருகிறது. குடிநீர்க் குழாய்க்கு ஏற்றது என்று லேபிளில் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். மைனஸ் 50 ஃபாரன்ஹீட் (மைனஸ் 46 செல்சியஸ்) என்று போட்டிருந்தால், அதுவரை குழாய் வெடிக்காது என்று அர்த்தம். கூழாவது அதற்கு முன்பே நடக்கும், பயப்பட வேண்டாம்.

வெந்நீர்த் தொட்டியை ஆறவைத்து வடித்து, பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று கேலன் போதும். இல்லாவிட்டால் தொட்டியே எல்லாவற்றையும் குடித்துவிடும். ஒவ்வொரு குழாயையும் ரோஸ் கலர் வரும்வரை திறந்துவிட வேண்டும். வண்டிக்கு வெளியே ஒரு ஷவர் இருக்குமே, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.