பாரிசவாத நோயாளரின் வீட்டுப் பராமரிப்பு: விழுங்குவதில் கவனம் தேவை

பாரிசவாதம் ஏற்பட்ட ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும் உறவினர்கள் முதலில் செய்ய முற்படுவது வாய்க்கு ஏதாவது கொடுப்பதைத்தான். இத்தனை நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லையே என்ற கவலையில் கஞ்சியோ தேநீரோ பருக்குவார்கள். அன்போடு செய்யும் இந்தக் காரியம் சில வேளைகளில் உயிராபத்தாகிவிடுகிறது.

மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தோட்டம் தடைப்படும்போதோ, மூளைக்குள் இரத்தம் கசியும்போதோ கை, கால்கள் மட்டும் செயலிழப்பதில்லை. விழுங்க உதவும் தசைகளும் பாதிக்கப்படலாம். முதல் நாட்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இந்தச் சிரமம் இருக்கும். பலருக்குப் படிப்படியாகச் சரியாகிவிடும், சிலருக்கு நீடிக்கும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நியூமோனியா ஏற்படலாம். வழக்கமாக அப்போது இருமல் வரும். ஆனால் சில நோயாளருக்கு அந்த இருமலே வராது. ஆகவே இருமவில்லை என்பதை மட்டும் வைத்துத் திருப்தியடையக் கூடாது. விழுங்கிய பின் குரல் ஈரமாகக் கரகரத்தல், கன்னத்துக்குள் உணவு தேங்குதல், காரணமின்றி வரும் காய்ச்சல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

விடுதியில் தாதியர் நோயாளரை நிமிர்த்தி இருத்தி, அவர் முழு விழிப்புடன் இருப்பதை உறுதிசெய்த பின்னரே ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். அதில் தேறும்வரை மாத்திரைகூட வாயால் கொடுப்பதில்லை. தண்ணீர்தான் விழுங்க இலகுவானது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வேகமாக வழுகிச் செல்வதால், களியான உணவைவிட அதுவே பலருக்குச் சிரமம் தரும். எந்தப் பதத்தில் உணவு கொடுப்பது என்பதை வைத்தியரிடமோ பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமோ கேட்டறிய வேண்டும்.

மூக்குக் குழாய் மூலம் உணவு கொடுப்பதாயின், தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, கொடுத்து முடிந்த பின்னரும் குறைந்தது அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருக்க வேண்டும். குழாயிலுள்ள அடையாளம் இடம் மாறியிருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. வாயால் சாப்பிடாதவருக்கு வாயைச் சுத்தம் செய்யத் தேவையில்லை என்பதும் தவறு. அழுக்கான வாயின் கிருமிகளே உமிழ்நீரோடு நுரையீரலுக்குச் செல்கின்றன.

தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிக்கால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடும். இரவும் பகலும் மனைவியோ மகளோ தனியே இதையெல்லாம் செய்வது முடியாத காரியம். வீட்டார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் அடுத்த நோயாளர் அவராகத்தான் இருப்பார்.

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், புதிதாக ஒரு பக்கம் பலவீனமடைதல் ஆகியவை தோன்றினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நோயாளர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால், வைத்தியர்கள் முதலில் கேட்பது அந்த நேரத்தையே.